இடது கண் பச்சை, வலது கண் சாம்பல்

மத்திகிரியில் இன்னாசிமுத்துவின் வீட்டுக்குள் நுழைகிற யாரும் செருப்பை நினைத்த இடத்தில் விட முடியாது. வாசலில் மஞ்சள் டேப் ஒட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். வீட்டு ஆட்களுக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று, மழையில் நனைந்த செருப்புக்குத் தனியாக ஒன்று. வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார், தான் எந்தக் கட்டத்தில் சேர்த்தி என்று தெரியாமல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நின்றதைப் பார்த்தவர்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள்.

உள்ளே சமையலறைச் சுவரில் கரண்டி, ஜல்லிக்கரண்டி, தோசைத் திருப்பி என்று ஒவ்வொன்றின் உருவத்தையும் கறுப்பு மையில் வரைந்து, அதன் தலையில் ஆணி அடித்து வைத்திருப்பார். எது காணோமோ அதன் நிழல் சுவரிலிருந்து காட்டிக்கொடுத்துவிடும். கம்பெனிகளில் ஸ்பேனர் மாட்டுகிற முறை அது. மனைவி அற்புதமேரிக்குக் கோபம் வந்தால் ஜல்லிக்கரண்டி இருக்க வேண்டிய இடத்தில் தோசைத் திருப்பியை மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். அந்த வீட்டில் சண்டைக்கு அதற்கு மேல் சத்தம் தேவைப்பட்டதில்லை.

இன்னாசிமுத்து எலத்தகிரிக்காரர். சிப்காட்டில் பைக்குக்குப் பக்கக் கண்ணாடி செய்கிற கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்ஷனில் தலை நரைக்கும்வரை இருந்தார். ரிடையர் ஆனபோது கம்பெனி அவரை விட்டது. அவர் கண் வேலையை விடவில்லை. டீக்கடையில் வடையின் ஓட்டை நடுவில் இல்லை என்று திருப்பிக் கொடுத்தவர். கல்யாண வீட்டில் தோரண வாழை இரண்டும் ஒரே உயரமில்லை என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டாரையும் பெண் வீட்டாரையும் அரை மணி நேரம் ஒற்றுமையாகத் தன்னைத் திட்ட வைத்தவர்.

அவருடைய உத்தியோகத்தில் ஒரே ஒரு கறை உண்டு. கண்ணாடிக்கு இடது உண்டு, வலது உண்டு. கம்பெனியில் அதை எல்.எச்., ஆர்.எச். என்பார்கள். பெட்டிக்கு ஒரு இடது, ஒரு வலது. ஒரு மழைக்காலத்தில் அவர் ஓகே போட்ட லாட்டில் சில பெட்டிகளில் இரண்டுமே இடதாகப் போய்விட்டது. வாங்கின கம்பெனியில் லைன் நின்றது. அந்தத் தொழிலில் அதற்கு ஒரு பிராயச்சித்தம் உண்டு: தப்பாக அனுப்பியவன் கையுறையோடு அங்கேயே போய், அவர்கள் ஷெட்டில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பிரித்துக் கொடுக்க வேண்டும். கேன்டீனில் அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் சாப்பாடு. அதைச் செய்துவிட்டு வந்த பிறகு இன்னாசிமுத்து ஜோடியாக இருக்கிற எதைப் பார்த்தாலும், அது பிறர் காதுத் தோடாக இருந்தாலும், ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பார். கோயிலில் அதனால் சில பெண்கள் இடம் மாறி உட்கார்ந்ததும் உண்டு.

இப்படிப்பட்ட வீட்டின் சாப்பாட்டு மேசையில்தான் மகள் ஜெசி ஐஷேடோ செய்தாள்.

ஜெசி பி.காம். கடைசி வருஷம். கல்லூரிப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் தலையணை தடிமனுக்கு இங்கிலீஷ் கதைப் புத்தகம் படிப்பாள். எல்லாவற்றிலும் ஒரு சாபம் இருக்கும், ஒரு ராஜகுமாரி இருப்பாள், அவளைவிட வயதில் நானூறு வருஷம் மூத்த ஒரு பையன் இருப்பான். படித்ததோடு விட்டால் பரவாயில்லை. அந்தக் கதைகளில் வருகிற நிறங்களைக் கையால் செய்யத் தொடங்கினாள். மின்னுகிற அப்ரகப் பொடி, நிறப்பொடி, இரண்டு சொட்டு எண்ணெய் எல்லாம் சேர்த்து சின்ன மிக்ஸி ஜாரில் அடித்து, சலித்து, நாலணா அகலத் தகரக் கிண்ணத்தில் போட்டு, மேலே துணி வைத்து அழுத்தினால் வில்லை. மாந்திரீகக்காரியின் வீட்டு ஜன்னல், தூங்கும் டிராகனின் வயிறு, சின்னம்மாவின் பொறாமை என்று வில்லைக்கு வில்லை பெயர் உண்டு. வீடு முழுக்க மினுமினுத்தது. ஒரு நாள் ராகிக் களி மினுங்கியது. அற்புதமேரி கையிலிருந்த உருண்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குது, சாப்பிடத்தான் மனசு வரல” என்றாள்.

கடைசிப் பரீட்சை சனிக்கிழமை. அதற்கடுத்த திங்கட்கிழமை அவளைப் பழைய கம்பெனியிலேயே ட்ரெய்னியாகச் சேர்த்துவிட இன்னாசிமுத்து ஏற்பாடு செய்திருந்தார். அவரிடம் தொழில் கற்று இப்போது ட்ரெயினிங் மேனேஜர் ஆகிவிட்ட பிரேம்குமாரிடம் பேசி வாங்கிய சீட்டு. ஜெசிக்கோ பெங்களூரிலிருந்து ஒரு ஆர்டர் வந்திருந்தது. அவள் படித்துக்கொண்டிருந்த கதையின் கடைசிப் பாகம் வருகிறது. வாசகிகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹாலில் கூடுகிறார்கள். வருகிற ஒவ்வொருத்திக்கும் கதாநாயகியின் கண்களைப் போல ஒரு ஐஷேடோ பெட்டி. இது நன்றாகப் போனால் இதையே தொழிலாகச் செய்வேன், கம்பெனிக்குப் போக மாட்டேன் என்று ஜெசி சொல்லிவிட்டாள்.

“தொழிலுன்னா என்னான்னு தெரியுமா கண்ணு உனக்கு?” என்றார் இன்னாசிமுத்து. “எங்க, ட்ராயிங்க எடு.”

“ஐஷேடோவுக்கு என்னாத்துக்குப்பா ட்ராயிங்கு?”

“என்னா கலரு, எது எங்க வரணும், எவ்ளோ ஆழம்னு கஸ்டமரு எழுதிக் குடுத்திருப்பாங்கல்ல. அது இல்லாம பார்ட்டு எப்பிடிச் செய்வ?”

“இது பார்ட்டு இல்லப்பா.”

“அடுத்தவங்க கைக்குப் போற எல்லாமே பார்ட்டுதான்.”

ஜெசி புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். “இந்தாங்க. கஸ்டமரு கேட்டது எல்லாம் இதுல இருக்குது. படிச்சிட்டு வந்து பேசுங்க.”

அட்டையில் ஒரு பெண் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் டிராகன். இன்னாசிமுத்து முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “ரிவிஷன் நம்பரே போடலியே” என்றார்.

ஜெசியின் சிநேகிதி சௌமியா அப்போது அங்கே இருந்தாள். தளிப் பக்கத்துப் பெண். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், சிரிப்பதற்கு இரண்டும். பெங்களூர் ஆர்டரைப் பிடித்துக் கொடுத்ததே அவள்தான். “அய்யோ அங்கிள், எந்தா கதெ தெரியுமா? ஒரு தபா படிங்க. நீங்களே அழுதுடுவீங்க.”

“நான் மேனுவல் படிச்சு அழுததில்லம்மா” என்றார் இன்னாசிமுத்து.

கடைசியில் வீட்டுக்குள் ஒப்பந்தம் ஒன்று ஆயிற்று. பெங்களூரிலிருந்து ஒரு புகார் கூட வரவில்லை என்றால் ஜெசி இஷ்டம். ஒரே ஒரு புகார் வந்தாலும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டில் ட்ரெய்னியாக நிற்க வேண்டும். அற்புதமேரிக்கு மகள் கம்பெனி பஸ்ஸில் அடையாள அட்டையோடு ஏறுவதைப் பார்க்க ஆசை. அவள் புகாருக்காக ஜெபமாலையே சொல்லத் தொடங்கிவிட்டாள் என்று ஜெசி சந்தேகப்பட்டாள்.

சனிக்கிழமை ஜெசி பரீட்சைக்குப் போய்விட்டாள். மேசைமேல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மத்தியானம் கழிந்ததும் தளியிலிருந்து ரோஜாவும் குடைமிளகாயும் ஏற்றி பெங்களூர் போகிற சௌமியாவின் மாமா வண்டி வந்து எடுத்துக்கொள்ளும்; ஜெசி கல்லூரி வாசலில் ஏறிக்கொள்வாள்; ராத்திரி சௌமியாவின் அக்கா வீட்டில் தங்கல். “அப்பா, பெட்டியத் தொடக் கூடாது” என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இன்னாசிமுத்து தொடவில்லை. பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையை இரண்டு சுற்று சுற்றினார். ஆயுள் முழுக்க ஒரு பெட்டியும் அவர் பார்க்காமல் வெளியே போனதில்லை. அடுக்கின் மேலிருந்த ஒன்றின் மூடி சற்றுத் தூக்கினாற்போல் இருந்தது. மூடியைச் சரிசெய்வது தொடுவதாகாது என்று தீர்மானித்துத் திறந்தார்.

உள்ளே இரண்டு வில்லை. இடப்பக்கம் பாசிப் பச்சை. வலப்பக்கம் சாம்பல்.

அடுத்ததைத் திறந்தார். பச்சை, சாம்பல். அதற்கடுத்தது. பச்சை, சாம்பல்.

“அற்புதம்! ஏ அற்புதம்! ஓடியா!”

அற்புதமேரி அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்த கையோடு ஓடி வந்தாள். “என்னாங்க, பாம்பா?”

“பாம்பா இருந்தா அடிச்சிரலாம். மிக்ஸப்பு! மொத்த லாட்டும் மிக்ஸப்பு! ஒரு கண்ணுக்குப் பச்ச, ஒரு கண்ணுக்குச் சாம்பல்!”

அற்புதமேரி எட்டிப் பார்த்தாள். “வேணும்னே அப்பிடி வெச்சிருப்பா.”

“வேணும்னு யாராச்சும் ஒரு கால்ல செருப்பும் ஒரு கால்ல ஷூவும் போடுவாங்களா?”

“போன வாரம் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் போட்டிருந்தானே.”

“அவன் குடிகாரன்டீ.”

“எனக்கென்னா தெரியும். அவகிட்ட ஒரு போன் போட்டுக் கேளுங்க.”

“பரீட்ச எழுதிக்கிட்டிருக்கிற புள்ளகிட்டயா? அதுவும், நீ பண்ணது மொத்தமும் தப்புன்னு சொல்லவா? பாவம், படிப்பு டென்ஷன்ல கை மாறிப் போச்சு. நாம சரி பண்ணிருவோம். அவளுக்குத் தெரியவே வேணாம்.”

சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு புகார் வந்தால் தனக்குத்தான் லாபம் என்பது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவே இல்லை.

பீரோவிலிருந்து வெள்ளைக் கையுறை இரண்டு ஜோடி வந்தது. வில்லைகள் பெட்டியில் காந்தத்தில் ஒட்டியிருந்தன. காந்தப் பேனாவால் ஒவ்வொன்றாக நோகாமல் தூக்கினார். சாம்பலை எல்லாம் ஒரு பக்கம், பச்சையை எல்லாம் ஒரு பக்கம் பிரித்து, பச்சைக்குப் பச்சை, சாம்பலுக்குச் சாம்பல் என்று ஜோடி சேர்த்தார். அற்புதமேரி மூடிபோட்டாள். குழம்பு அடுப்பில் அடிப்பிடித்தது. அதைச் சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை. கடைசியாக ஒவ்வொரு பெட்டிக்கும் பச்சை நிற ஓகே ஸ்டிக்கரைக் குறுக்கே ஒட்டி, கையெழுத்தும் போட்டார். முன்பு கண்ணாடிப் பெட்டிகளில் போட்ட அதே கையெழுத்து.

வண்டி வந்தது. அதில் வந்திறங்கிய சௌமியா பெட்டிகளை ரோஜாக் கட்டுகளுக்கு நடுவில் வைத்தாள்.

“மேல வெயிட்டு வெக்காதம்மா. ஒவ்வொண்ணும் நானே பாத்தது.”

“ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டிட்டீங்களா அங்கிள்? சூப்பர்!” என்று சௌமியா சிரித்தாள். வண்டி போய்விட்டது.

சாயங்காலம் தூறல் பிடித்தது. ஓசூர்த் தூறல் நனைக்காது, விடாது. கைக்கு வேலையில்லை. இன்னாசிமுத்து மூக்குக் கண்ணாடியை மாட்டி, ஸ்டீல் ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துப் புத்தகத்தைப் படிக்க உட்கார்ந்தார். கஸ்டமர் என்னதான் கேட்டிருக்கிறார் என்று பார்த்து வைத்துக்கொண்டால், புகார் வந்தால் பதில் சொல்லலாம்.

ஓரின்யா என்று ஒரு பெண். மாவு மில்காரரின் மகள். அம்மா இல்லை. அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார்.

“அற்புதம், இந்தாளு மில்லுல பெல்ட்டுக்குக் கவரே போடல.”

“சேலைய இழுத்துக்குமே” என்றாள் அற்புதமேரி உள்ளேயிருந்து.

“கெணத்துக்குக் கைப்புடிச் செவுரும் இல்ல. சேஃப்டின்னு ஒண்ணுமே கெடையாது இவங்க நாட்டுல.”

“பொண்ணு விழுந்துட்டாளா?”

“விழல. சின்னம்மாக்காரி கூடையில உக்கார வெச்சு எறக்கி உட்டுட்டா. அப்பன் பாத்துக்கிட்டு நிக்கிறான்.”

“நாசமாப் போறவன்.” அற்புதமேரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கீழே உட்கார்ந்தாள். “அப்பறம்?”

இன்னாசிமுத்து படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். கிணற்றின் அடியில் பேசுகிற வாத்து ஒன்று இருந்தது. வாத்துக்குத் தீனி யார் போடுகிறார்கள் என்று கதையில் இல்லை. அவர் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். ஏழு பௌர்ணமி கழித்து ஓரின்யா மேலே வந்தாள். அடுத்த பத்தியில் ஸ்கேல் நின்றது.

“அப்பறம் என்னாங்க?”

அவர் ஸ்கேலை ஒரு வரி மேலே ஏற்றி மறுபடி படித்தார்.

“செத்துட்டாளா?”

“வந்துட்டா அற்புதம்.” அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “எடது கண்ணு பாசிப் பச்சையா மாறிப் போச்சாம். வலது கண்ணு சாம்பல். பச்ச உயிரோட இருக்கறவங்களப் பாக்குமாம். சாம்பல் செத்தவங்களப் பாக்குமாம்.”

அற்புதமேரி அவரையே பார்த்தாள். சொல்ல வேண்டியதை நாற்பது நொடிக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்து, எதுவும் திருப்தியாக இல்லாமல், கடைசியில், “நான் அப்பவே சொன்னேன்” என்பதையே தேர்ந்தெடுத்தாள்.

இன்னாசிமுத்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். பின்னால் ஒரே சிரிப்பும் பாட்டுமாக இருந்தது.

“அப்பா! ஸ்டிக்கர் பாத்தேம்பா. எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்றாள் ஜெசி. “பிரிக்கவே மனசு வரலப்பா. அப்பிடியே குடுத்துடப் போறேன். தேங்ஸ்ப்பா.”

இன்னாசிமுத்து ஸ்கேலை எடுத்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

“சாப்டியா கண்ணு?”

“சாப்டேன்.”

“என்னா சாப்ட?”

“பிஸிபேளா.”

“சரி. படுக்கறப்ப ஜன்னல சாத்திக்க.” வைத்துவிட்டார்.

“சொல்லலியா?” என்றாள் அற்புதமேரி.

“டிபெக்டப் போன்ல சொல்லக் கூடாது அற்புதம். நேர்ல போய் நிக்கணும்.”

அற்புதமேரி அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். பிள்ளையின் எதிர்காலம் பற்றிப் பேசும்போது அவள் குரல் தானாகவே கோயில் குரலாகிவிடும். “என்னாங்க. நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேளுங்க. பேசாம இருங்க.”

“என்னா?”

“பேசாம இருங்க. நாளைக்குப் பெட்டியப் பிரிப்பாங்க, தப்புன்னு சொல்லுவாங்க. ஒரு கம்ப்ளைண்டு போதும். திங்கக்கெழம புள்ள கம்பெனிக்குப் போயிடுவா. யூனிபாரம், கேன்டீனு, பஸ்ஸு. ஆண்டவரே பாத்துப் பண்ணது இது. நீங்க ஏன் குறுக்க போறீங்க?”

இன்னாசிமுத்து நிஜமாகவே யோசித்தார். பிரேம்குமாரிடம் அந்தச் சீட்டுக்காக எத்தனை தடவை நடந்தார். ஒரு ராத்திரி சும்மா படுத்துக்கிடந்தால் போதும். மகளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் அதற்குள் அவள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும்.

“என் கையெழுத்து இருக்குது அற்புதம்,” என்றார் கடைசியில். “தப்புன்னு தெரிஞ்சும் ஓகே ஸ்டிக்கரோட ஒரு லாட்டு போச்சுன்னா, நான் இத்தன வருஷம் என்னா வேல செஞ்சேன்?”

“புள்ளைக்காக ஒரு தடவ கண்ண மூடிக்கிட்டா என்னா?”

“எனக்குக் கண்ண மூடற வேல தெரியாது.”

அற்புதமேரி எழுந்து சமையலறைக்குப் போனாள். ஜல்லிக்கரண்டியின் இடத்தில் தோசைத் திருப்பி ஏறும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் பாவத்தை ஒத்துக்கொள்ளும் ஜெபத்தின்போது இன்னாசிமுத்து மார்பில் அடித்துக்கொண்ட சத்தத்துக்கு முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பிரசங்கத்துக்கு நிற்காமல் பஸ் ஏறினார். சாம்பல் நிறச் சட்டையும் பேண்ட்டும், அவருடைய பழைய யூனிபாரம். தோள்பையில் கையுறை, காந்தப் பேனா, புத்தகம். அத்திப்பள்ளி தாண்டி சில்க்போர்டு வரை ஸ்கேல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். பக்கத்து சீட்டில் இருந்தவர் அதை ஏதோ அரசுத் தேர்வு என்று நினைத்து, “எந்த டிபார்ட்மெண்ட் சார்?” என்று கேட்டார்.

ஹால் வாசலில் காவலாளி தடுத்தார். “ஏனு சார், டிக்கெட்?”

“சப்ளையர்,” என்றார் இன்னாசிமுத்து. “ஓசூரிந்த பந்தித்தீனி” என்று, ஓசூரிலிருந்து வந்திருப்பதையும் தெரிந்த கன்னடத்தில் சொன்னார்.

உள்ளே போனவர் நின்றுவிட்டார். கொம்பு வைத்த பெண்கள், இறக்கை கட்டிய பெண்கள், காது கூரான பெண்கள். இறக்கைகளில் பாதிக்கு மேல் இடதும் வலதும் ஒரே உயரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போனார். மூலையில் ஒரு மேசைக்குப் பின்னால் ஜெசியும் சௌமியாவும் நின்றிருந்தார்கள். பெட்டிகள் பிரிக்கப்படாமல் அடுக்கியிருந்தன.

“அப்பா?” ஜெசியின் முகம் வெளிறியது. “அம்மாவுக்கு என்னாச்சு?”

“அம்மா நல்லாருக்கா. தோசத் திருப்பியத்தான் எடம் மாத்திட்டா.” அவர் கையுறையை மாட்டினார். “கண்ணு, இந்த லாட்ட நிறுத்து. நேத்து நீ இல்லாதப்ப நான் பெட்டியத் தொறந்தேன். பச்சயும் சாம்பலும் மாறிப் போச்சுன்னு நெனச்சு ஜோடி சேத்துட்டேன். ஒவ்வொரு பெட்டியிலயும் ரெண்டும் ஒரே கலரு.”

ஜெசி ஒரு பெட்டியின் ஸ்டிக்கரைக் கிழித்துத் திறந்தாள். இரண்டு பச்சை. இன்னொன்று. இரண்டு சாம்பல்.

“எதுக்குப்பா தொட்டீங்க?” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

“புக்கு படிக்கல கண்ணு. ட்ராயிங் பாக்காம ரீவொர்க் பண்ணிட்டேன். நேத்து சாயங்காலம்தான் படிச்சேன்.”

“நேத்தே தெரிஞ்சுதா? போன்ல சாப்டியான்னுதான கேட்டீங்க?”

“ஆமா.”

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சௌமியா பெட்டிகளை இறக்கித் தந்தாள். ஜெசி சற்று நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு எதிரில் உட்கார்ந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பச்சையை இங்கே, சாம்பலை அங்கே என்று மாற்றிக்கொண்டே போனார்கள். கொம்பு வைத்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

எல்லாம் முடிந்தபோது ஒரு பெட்டியில் இரண்டு சாம்பல் மிச்சமிருந்தது.

“அப்ப ரெண்டும் பச்சையா ஒரு பெட்டி வெளிய போயிருக்குது” என்றார் இன்னாசிமுத்து.

சௌமியா வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யோ தேவரே! ஸோயா!”

ஸோயா என்பவள் வேஷப் போட்டிக்காக முதல் பெட்டியை வாங்கிப் போனவள். ஓரின்யாவாக வேஷம் கட்டி, அவசரத்தில் பெட்டியில் இருந்ததையே பூசிக்கொண்டு இப்போதுதான் மேடையேறியிருந்தாள். இரண்டு கண்ணும் பச்சை. விளக்கு வெளிச்சத்தில் அமோகமாக மின்னின.

“விட்டுடுங்கப்பா. யாரும் கண்டுபுடிக்கல” என்றாள் ஜெசி.

“நான் கண்டுபுடிச்சிட்டனே.”

அவள் எழுந்து அவர் சட்டையைப் பிடிப்பதற்குள் இன்னாசிமுத்து சாம்பல் வில்லையோடு மேடைப்படி ஏறிவிட்டார். சாம்பல் உடுப்பு, வெள்ளைக் கையுறை, நரைத்த தலையில் மின்னும் பொடி. ஹால் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. பிறகு எல்லாப் பக்கத்திலிருந்தும் “ஊ...” என்று கூச்சல் கிளம்பியது. ஒரு இறக்கை அவர்மேல் பேப்பர் கப்பை எறிந்தது.

“அங்கிள், உங்கள மில்காரர்னு நெனச்சிட்டாங்க!” என்று கீழேயிருந்து சௌமியா கத்தினாள். “ஓரின்யாவோட அப்பா! கெணத்துல எறக்கறப்ப பேசாம நின்னாரே, அவரு!”

இன்னாசிமுத்து மைக்கைப் பிடித்தார்.

“ஐ ஆம் நாட் மில்லர்! ஐ ஆம் குவாலிட்டி! திஸ் கேர்ள் ரைட் ஐ ராங்! மிஸ்டேக் ஈஸ் ஆபரேட்டர் மிஸ்டேக். ஆபரேட்டர் ஈஸ் மீ!”

ஹால் அதிர்ந்தது. கடைசிப் பாகத்தில் மில்காரர் மன்னிப்புக் கேட்கிறார் போலிருக்கிறது என்று பின்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெசி தலையைக் குனிந்துகொண்டே மேடையேறி வில்லையை வாங்கி, ஸோயாவின் கண்ணருகே விரலைக் கொண்டுபோனாள்.

“அது இல்ல கண்ணு, அந்தப் பக்கம்!” என்றார் இன்னாசிமுத்து.

“இதாம்பா வலது.”

“எதுக்க நின்னு பாத்தா வலது. வண்டி ஓட்டறவங்க பக்கத்துலேர்ந்து பாக்கணும். அவங்க வலது எதுவோ அதுதான் வலது!”

“எனக்கு வலது இது அங்கிள்” என்று ஸோயாவே கையைத் தூக்கிக் காட்டிப் பிரச்சினையைத் தீர்த்தாள். அவளுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பெட்டிகள் ஒன்று விடாமல் போயின. புகார் என்று ஒருத்தியும் வரவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் சந்தாபுரம் வரும்வரை ஜெசி விரலிலிருந்த பச்சையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வெளியே தூறல். கம்பெனி பஸ்கள் சிப்காட்டை நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

“ஒரு கம்ப்ளைண்டும் வரலப்பா” என்றாள்.

“வந்துச்சு. நான் குடுத்தேன். மைக்குல குடுத்தேன்.”

“கம்ப்ளைண்டு கஸ்டமருதான குடுக்கணும்?”

“கஸ்டமரு கண்ணுக்குத் தெரியலன்னா டிபெக்டு டிபெக்டு இல்லன்னு ஆயிடுமா? வெளிய போன பீஸு தப்பா இருந்துச்சு. கம்ப்ளைண்டு கம்ப்ளைண்டுதான்.” சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வென்றவர் மாதிரியே இல்லை.

ஜெசி அவர் பக்கம் திரும்பினாள். “சரி. உங்க கம்பெனில இந்த மாதிரி தப்பு நடந்தா, அடுத்து என்னா பண்ணுவீங்க?”

“காரணம் கண்டுபுடிப்போம்.”

“காரணம் யாரு?”

“ஆபரேட்டரு.”

“அந்த ஆபரேட்டர என்னா பண்ணுவீங்க?”

இன்னாசிமுத்துவுக்குப் பதில் தெரியும். அந்த விதியை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியதே அவர்தான். ஆனாலும் பஸ் அத்திப்பள்ளி தாண்டும்வரை யோசித்தார்.

“ட்ரெயினிங் அனுப்புவோம். மொதல்லேர்ந்து.”

“எப்ப?”

“அடுத்த நாளு. மொத ஷிஃப்டு.”

“அப்ப திங்கக்கெழம எட்டு மணிக்கு ஒரு ட்ரெய்னி வரணும். அதான ஒப்பந்தம்?”

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆராய்ந்து பார்த்தார். ஓட்டை எங்கேயும் இல்லை.

“அதான்” என்றார்.

அற்புதமேரி அன்றைக்குக் கேட்டது ஒரே கேள்வி: “கம்ப்ளைண்டு வந்துச்சா, இல்லியா?” வந்தது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவள் மகளுக்குச் சுடிதாரை இஸ்திரி போட்டு வைத்துவிட்டுத் திருப்தியாகப் படுத்தாள்.

திங்கட்கிழமை காலை ஜெசி அந்தச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் இன்னாசிமுத்து. கை முழங்கை வரைக்கும் பாசிப் பச்சை. வில்லை அழுத்துகிறார், உடைகிறது, மறுபடி சலிக்கிறார். அற்புதமேரி வாசலுக்கும் மேசைக்கும் இடையில் நின்று, இதில் யார் கம்பெனிக்குப் போக வேண்டியவர் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எண்ண அதிகம்” என்றாள் ஜெசி. “பொடிச்சிட்டுத் திரும்பச் செய்ங்க.”

“இதுல ஒண்ணும் அதிகமில்லியே கண்ணு...”

“ட்ரெய்னி எதுத்துப் பேசலாமா?”

போன் அடித்தது. பிரேம்குமார். இன்னாசிமுத்து சுத்தமாக இருந்த சுண்டுவிரலால் ஸ்பீக்கரை அமுக்கினார்.

“சார், வணக்கம். எட்டரை ஆயிடுச்சு. கேட்டுல பாத்துட்டேன். ட்ரெய்னி இன்னும் வரலியே?”

“எட்டுக்கு முன்னாடியே வந்துட்டான் பிரேம்,” என்றார் இன்னாசிமுத்து. “நீ வெச்சிடு. போன் பேசிக்கிட்டே வேல செஞ்சா இங்க இன்சார்ஜு மொறைக்கிறாங்க.”